களாவுக்குள் ஐப்பசி

அன்னை நகருக்கு மூன்றாவது தெரு கிடையாது. மனை பிரித்த புண்ணியவான் இரண்டாவது தெருவை அளந்து முடித்துவிட்டுச் சாப்பிடப் போனாராம், வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்து எண்ணிக்கையைத் தொடர்ந்தபோது நாலில் தொடங்கிவிட்டாராம், கல் நட்டு, பெயர் எழுதி, வீடுகள் கட்டி, சண்டைகள் போட்டு, கல்யாணங்கள் நடத்தி எல்லாம் ஆன பிறகு அதைத் திருத்த யாருக்கும் மனம் வரவில்லையாம். இல்லாத ஒரு தெருவுக்குப் பக்கத்தில் குடியிருந்து பழகிய காரணத்தாலோ என்னவோ, சண்முகவடிவு வீட்டுக் களாச் செடிக்குள் மழை பெய்யத் தொடங்கியபோது நாலாவது தெருவில் ஒருவரும் திடுக்கிடவில்லை.

சண்முகவடிவும் திடுக்கிடவில்லை. அவள் பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தாள். கொண்டுவருகிற பாலில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. தண்ணீர் இருக்கக் கூடாத இடத்தில் தண்ணீர் இருப்பதைக் காலையிலும் மாலையிலும் கண்டு, கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொல்லிப் பழகியவளுக்கு இதுவும் அப்படி ஒன்றாகத்தான் பட்டது.

கோவில்பட்டிக்கு வடக்கே கரிசல் முடிந்து சரளை தொடங்குகிற மேட்டில் இருந்தது அன்னை நகர். அங்கே மற்ற வீட்டுக்காரர்கள் முற்றத்தை எல்லாம் டைல்ஸ் போட்டு மூடி, ஓரத்தில் நாலு சிமெண்ட் தொட்டியில் குரோட்டன்ஸ் வைத்து, அது வாடினால் வேறு வாங்கி வைத்தார்கள். சண்முகவடிவு மண்ணை மண்ணாகவே விட்டாள். சுவரோரம் நொச்சி, அதற்கு முன்னால் ஆவாரை, தானாக முளைத்த தும்பை, மக்கட்டும் என்று போட்டுவைத்த ஒரு வேப்பங்கட்டை, குருவிக்குத் தண்ணீர் வைக்க ஓரம் உடைந்த ஒரு மண்சட்டி, பெருக்காமல் விட்ட சருகு. நடுவில், வாசலுக்கு நேரே, களா.

அந்தக் களா குருமலைச் சரிவில் அவள் பறித்துத் தின்ற பழத்தின் விதை. விதை காய்ந்துபோனால் முளைக்காது என்பதால் வாயில் புளிப்பு மாறுவதற்குள் பஸ் பிடித்து வந்து ஊன்றினாள். முதல் வருசம் அது விரல் உயரம்தான் வளர்ந்தது. இரண்டாவது வருசம் ஆடு வந்து மோந்து பார்த்தது, இலையைக் கிள்ளினால் வருகிற பாலும் கவட்டை முள்ளும் பிடிக்காமல் ஒரு தும்மல் போட்டுவிட்டுப் போயிற்று. பிறகு அது வளர்ந்தது. உரம் கேட்கவில்லை, மருந்து கேட்கவில்லை, சித்திரையில் தெருவே வெளுத்துக் கிடக்கும்போது இது மட்டும் எண்ணெய் தேய்த்த தலை மாதிரிக் கரும்பச்சையாக நின்றது. மல்லிகை போலப் பூத்தது. சிவந்து கறுக்கிற காய்களைக் காய்த்தது. கொண்டை வைத்த சின்னான் குருவி ஒன்று அதில் கூடு கட்டியது, ஓணான் ஒன்று உச்சிக் கிளையைத் தனக்கென்று பிடித்துக்கொண்டது, தவிட்டுக் குருவிகள் கூட்டமாக வந்து அடியில் சருகைப் புரட்டிச் சத்தம் போட்டுப் புறம் பேசிவிட்டுப் போயின.

நாலாவது தெருச் சங்கத்துச் செயலாளர் கோமதிநாயகத்துக்கு அந்தச் செடி பிடிக்காது. அவர் மைக்செட் கடை வைத்திருந்தார், வீட்டுக்குள் பேசுவதையும் மைக்கைத் தட்டிப் பார்க்கிற மாதிரி இரண்டு தரம் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பேசுவார்.

"மதினி, நாலு பேரு நடமாடுத தெரு. முள்ளு வளத்தா பாம்பு வரும்."

"வந்தா வரட்டும் அண்ணாச்சி. அதுவும் எங்கயாச்சும் குடியிருக்கணும்லா."

"மெயின்டனன்ஸ் குடுக்காத ஆளெல்லாம் எப்படிக் குடியிருக்கும்?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுவார்.

அவள் புருசன் தாணுமூர்த்திக்கும் அந்தச் செடி பிடிக்காது. அவர் லாரி டிரைவர். இங்கிருந்து தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போவார், அங்கிருந்து கிடைக்கிற லோடை ஏற்றிக்கொண்டு வருவார், மாதத்தில் சில நாள் வீட்டில் இருப்பார், இருக்கிற நாளிலும் பாதியைத் தூங்கியே கழிப்பார். லாரி ஓட்டுவதை விட்ட பிறகு ஓட்டலாம் என்று பழைய வேன் ஒன்றை வாங்கித் தெருவில் நிறுத்தியிருந்தார். அதற்கு ஒரு கொட்டகை போட வேண்டும், கொட்டகை போட இருக்கிற ஒரே இடத்தில் களா நிற்கிறது. ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் "அடுத்த நடை வரும்போது இந்த முள்ளை எடுத்துறணும்" என்பார். அவள் "சோத்தைக் கட்டிட்டேன், எடுத்துக்கிடுங்க" என்பாள். அவர்களுக்குள் அதற்கு மேல் பேச்சு இருந்ததில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

அப்படியிருக்க, அந்த வருசம் கத்திரி வெயிலில், குழாயில் தண்ணீர் வந்து பல நாளாகி, தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், களாவுக்குள் ஒரு தேரை கத்தியது.

சண்முகவடிவு பால் சங்கத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தேரை கத்தினால் மழை, மழை என்றால் கொடியில் துணி என்று அவள் கால் தானாகத் திரும்பியது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. களாவைப் பார்த்தாள். முள் பார்த்து, இலை விலக்கி, மெல்லக் கையை உள்ளே விட்டாள். உள்ளே பெய்துகொண்டிருந்தது. அடித்துப் பெய்கிற மழை இல்லை, ஐப்பசியில் விடிந்ததும் பிடித்து மத்தியானம் வரை நின்று நிதானமாகப் பெய்யுமே, அந்த மழை. கையை வெளியே எடுத்தாள். கை நனைந்திருந்தது, வளையல் நனையவில்லை. முந்தானையில் துடைத்தாள். கை காய்ந்தது, முந்தானை ஈரமாகவில்லை. சரி என்று உள்ளே போய்ச் சாப்பிட்டாள்.

பக்கத்து வீட்டு ராஜகனிக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது. அவளுடைய கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, ராப்பகலாகக் கத்திக்கொண்டிருந்தது. சண்முகவடிவு அதை வாங்கி, இலைக்கு நடுவே பார்த்து ஒரு காலை உள்ளே நீட்டிப் பிடித்தாள். குழந்தை கத்துவதை நிறுத்தி, யாரோ தன்னை மரியாதையாக விசாரித்த மாதிரி ஒரு பார்வை பார்த்தது. ராஜகனி தானும் கையை விட்டுப் பார்த்தாள்.

"மழையா அக்கா?"

"மழைதான்."

"வெளிய வருமா?"

"வந்த மாதிரித் தெரியல."

ராஜகனி குழந்தையை வாங்கிக்கொண்டாள். "சரி, நாளைக்கி எங்க மாமியாரையும் கூட்டிட்டு வாரேன். அவங்களுக்கு உள்ளங்கால் எரிச்சல்."

இப்படித்தான் நாலாவது தெரு அந்த மழைக்குள் கையை விட்டது. முதலில் கை, பிறகு கால், பிறகு குனிய முடிந்தவர்கள் தலை. எதற்குப் பெய்கிறது என்று யாரும் கேட்கவில்லை, எப்போது வரலாம் என்றுதான் கேட்டார்கள். அதன் முறையைத் தெரு மெல்ல மெல்லப் படித்துக்கொண்டது. அவசரமாகக் கையை விட்டவர்களை முள் பிடித்தது, பையப் பைய விட்டவர்களுக்கு இலை வழிவிட்டது. உயிர் உள்ளது நனைந்தது, உயிர் இல்லாதது நனையவில்லை. கோமதிநாயகம் ஒரு எவர்சில்வர் குடத்தை உள்ளே வைத்துப் பார்த்தார், குடம் பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டுக் காய்ந்துபோய் வெளியே வந்தது. ரப்பர் குழாய் போட்டுப் பார்த்தார், குழாய்க்குள் ஒரு எறும்பு மட்டும் நனைந்து வந்தது. தொடுத்த பூவை வைத்தபோது அது பாதி நனைந்தது, பாதி நனையவில்லை, அதைப் பற்றித் தெரு ரொம்ப நாள் பேசியது.

குடம் தோற்ற பிறகு கோமதிநாயகம் தெருச் சங்கத்தைக் கூட்டி, மழை பொதுச்சொத்து, செடி தனிச்சொத்து என்று தீர்மானம் போட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியாது, ஆனாலும் எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் முதல் முன்பகல் பெண்களுக்கு, பின்மத்தியானம் ஆண்களுக்கு, காய்ச்சல்காரர்களுக்கு எப்போதும் என்று முறை வந்தது. பாம்பைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. அது வந்ததா என்றால் வந்தது, சாரை ஒன்று, நனைந்து மினுங்கிக்கொண்டு, ஆண்கள் முறையில் வந்து ஓரமாகப் போயிற்று. எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பறவைகளும் எங்கெங்கிருந்தோ வந்தன. வைகாசியில் வராத குருவிகள், மழைக்காலம் தவிர மற்ற நேரத்தில் முகம் காட்டாத குருவிகள், அந்தப் பக்கமே பறந்திராத குருவிகள் எல்லாம் வந்து களாவுக்குள் குளித்து, நொச்சியில் உட்கார்ந்து சிறகைக் கோதின. சின்னான் கூட்டில் முட்டை இருந்தது. அதன் மேல் மட்டும் தூறல் விழவில்லை என்று ராஜகனி பார்த்துச் சொன்னாள். முற்றத்தில் எப்போதும் யாராவது இருந்தார்கள். காய் நறுக்க வந்தார்கள், கதை பேச வந்தார்கள், கோபித்துக்கொண்டு வந்தார்கள், கை நனைந்த பிறகு யாரோடு கோபம் என்று மறந்துபோய்த் திரும்பினார்கள். சண்முகவடிவு இத்தனை பேருக்குக் காப்பி போட்டதே இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவு பிடித்திருப்பது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் தாணுமூர்த்தி வந்தார்.

வண்டியை பைபாஸில் நிறுத்திவிட்டுப் பையோடு நடந்து வந்தவர் தன் வீட்டு முற்றத்தில் தெருவே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவர் நாற்காலியில் கோமதிநாயகம் இருந்தார். அவர் டம்ளரில் யாரோ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெண்டாட்டி யாருடைய பிள்ளையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் இதுவரை கேட்டிராத ஒரு சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஆள் நிற்பதை முதலில் பார்த்தது ஓணான்தான்.

"அண்ணாச்சி வாங்க, வாங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா, அண்ணாச்சி கையை விட்டுப் பாக்கட்டும்" என்றார் கோமதிநாயகம்.

தன் வீட்டில் தன்னை வாங்க என்று இன்னொருவர் கூப்பிட்டது தாணுமூர்த்திக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. "பொறவு பாக்கேன்" என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். சண்முகவடிவு போய் மழையைப் பற்றிச் சொன்னாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "வேன் வெயில்ல காயுது" என்றார்.

மறுநாள் காலையில் அவள் பால் சங்கத்துக்குப் போயிருந்தபோது அவர் அரிவாளை எடுத்தார். செடி முழுவதையும் வெட்ட வேண்டும் என்றுதான் இறங்கினார், வாசலைப் பார்த்து நீண்டிருந்த பெரிய கிளையை வெட்டியதும் பால் வடிந்து, முள் சட்டையைப் பிடித்துக் கிழித்து, கூட்டிலிருந்து சின்னான் பறந்து வந்து முகத்துக்கு நேரே கத்தியது. அவருக்கு அதற்கு மேல் கை ஓடவில்லை. வெட்டிய கிளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, பைபாஸில் எங்காவது எறிந்துவிடலாம் என்று லாரி கேபினில் போட்டு, சாப்பாடுகூட வாங்காமல் புறப்பட்டுப் போய்விட்டார்.

சண்முகவடிவு திரும்பி வந்தபோது முற்றத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்தாள். கையை உள்ளே விட்டாள். உள்ளே வெயில்கூட இல்லை, வெறும் காற்று, பூட்டிவைத்த அறையில் இருக்கிற மாதிரி. தேரை வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்து, வடக்கே பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்தது.

ராஜகனி அழுதாள். கோமதிநாயகம் தொண்டையை மட்டும் செருமினார். சண்முகவடிவு அழவில்லை. வெட்டுவாயில் மண்ணைக் குழைத்து அப்பினாள். சின்னான் கூட்டுக்குத் திரும்பிவிட்டதைப் பார்த்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய், அவருடைய நாற்காலியை மடக்கிப் பரணில் போட்டாள். கல்யாணமான இருபத்திரண்டு வருசத்தில் அவள் அவர்மேல் இவ்வளவு கோபப்பட்டதில்லை, கோபப்படுகிற அளவுக்கு அவர் அவள் பக்கத்தில் இருந்ததில்லை.

அவர் போன் செய்தது மறுநாள். வழக்கமாகப் போனில் அவருக்கு இரண்டு கேள்விதான். சாப்ட்டியா, கரண்டு இருக்கா. இந்தத் தடவை அந்த இரண்டையும் கேட்கவில்லை.

"ஏளா, இந்தக் கம்புல என்ன வச்சிருக்க?"

"மழை."

"கேபினுக்குள்ள பெய்யுது."

"பெய்யும்."

"சட்டை காஞ்சிருக்கு. சட்டைக்குள்ள நான் நனைஞ்சிருக்கேன். பில்லு காஞ்சிருக்கு, தீப்பெட்டி லோடு காஞ்சிருக்கு, டோல்கேட்டுல சீட்டு குடுக்க கைய நீட்டுன பிள்ளைக்கு முழங்கை வரைக்கும் ஈரம். என்னய ஒரு மாதிரிப் பாக்குது. இத அணைக்கிறது எப்படி?"

"எனக்குத் தெரியாது. வெட்டுனவங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

அவள் வைத்ததும் தெரு எடுத்தது. கோமதிநாயகம் அவசரக் கூட்டம் போட்டு, மழை தற்சமயம் ஓசூர் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருப்பதாக மைக்கில் அறிவித்தார். தெருவில் போன் வைத்திருந்த ஒவ்வொருவரும் தாணுமூர்த்தியைக் கூப்பிட்டார்கள். "அண்ணாச்சி, மழை உங்ககிட்ட பத்திரமா இருக்கா?" "மாமா, இலை வாடிருச்சா?" "அண்ணாச்சி, அப்பிடியே திருப்பிட்டு வந்துருங்களேன்." யாரும் திட்டவில்லை. மழை வைத்திருக்கிற ஆளிடம் எப்படிக் கோபமாகப் பேசுவது? தெருவில் தன் பெயர் இத்தனை பேருக்குத் தெரியும் என்பதே தாணுமூர்த்திக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது நாளும் அவர் அவளுக்குப் போன் செய்தார். கிளையை ஏன் எறியவில்லை என்று அவள் கேட்டாள்.

"எறியத்தான் நிறுத்துனேன்" என்றார். "கதவைத் தெறந்தேன். வெளிய வெயிலு. கீழ இஞ்சினு கொதிக்குது. இத்தன வருசமா இந்தப் பொட்டிக்குள்ள வெந்துக்கிட்டேதான் போயிருக்கேன் வடிவு, அது எனக்குத் தெரியாமலே இருந்துருக்கு. குளுந்த பொறவுல்ல தெரியுது. எறிய மனசு வரல."

அவள் போனை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் தினமும் பேசினார். இருபத்திரண்டு வருசமாகப் பேசாத ஆளுக்கு இவ்வளவு பேச்சு எங்கே இருந்தது என்று தெரியவில்லை, நனைந்து நனைந்து ஊறி வெளியே வந்ததோ என்னவோ. எந்த ஊர் தாண்டினால் மண் சிவப்பாகிறது, எந்த ஆறு பாலத்துக்கு அடியில் தண்ணீர் இல்லாமலே ஓடுகிறது, எந்த டாபாவில் பருப்பு நன்றாக இருக்கும், எந்த மேட்டில் ஏறும்போது அவள் நினைவு வரும், எல்லாம் சொன்னார். டாபாவில் மற்ற டிரைவர்கள் விசயம் கேள்விப்பட்டு வரிசையில் நிற்கிறார்களாம். பஞ்சாபி, ஒரியாக்காரர், ஆந்திராக்காரர் என்று ஒவ்வொருவராகக் கேபினில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்குகிறார்களாம். ஒரு பெரிய மீசைக்காரர் இறங்கி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லையாம்.

"அந்தாளு பேசுன பாசை எனக்குப் புரியல. ஆனா நம்ம முற்றத்துல அன்னைக்கி எல்லாரும் உக்காந்திருந்தாவளே, அந்த மூஞ்சிதான் அவருக்கும். நான் அன்னைக்கி கையை விட்டுப் பாத்துருக்கணும்."

"விட்டிருக்கலாம்" என்றாள் சண்முகவடிவு. அன்று மாலை பரணிலிருந்து நாற்காலியை இறக்கி, தூசி தட்டி வைத்தாள். விரிக்கவில்லை.

தெரு அதற்குள் வெயிலில் வதங்கிப் போயிருந்தது. ஆனாலும் முறை நிற்கவில்லை. முன்பகல் பெண்களும் பின்மத்தியானம் ஆண்களும் வந்தார்கள், பழக்கத்தில் கையை உள்ளே விட்டார்கள், காய்ந்த கையை வெளியே எடுத்தார்கள், மழை இன்று எங்கே இருக்கிறது என்று சண்முகவடிவிடம் கேட்டார்கள். அவள் முந்தின நாள் போனில் கேட்ட ஊர் பெயரைச் சொன்னாள். ராஜகனி குழந்தையின் காதில் அந்தப் பெயரைச் சொல்லித் தூங்க வைத்தாள். சின்னான் கூட்டில் குஞ்சு பொரித்தது. தவிட்டுக் குருவிகள் குறையாமல் வந்தன, அவற்றுக்கு மழையைவிடச் சருகுதான் முக்கியம் போலிருந்தது.

திரும்பும்போது தாணுமூர்த்திக்கு வெங்காய லோடு கிடைத்தது. இரவும் பகலும் நனைந்ததில் சளி பிடித்துக்கொண்டதால் கிளையைப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே செருகிவிட்டு ஓட்டினார். அதுதான் தப்பாகப் போயிற்று. வெங்காயத்துக்கு உயிர் உண்டு என்பது அவருக்கு நினைவில்லை. மதுரைச் சந்தையில் தார்ப்பாயை அவிழ்த்தபோது மூட்டைகளுக்கு மேலே முழங்கால் உயரத்துக்கு வெங்காயத் தாள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, அதற்குள் இரண்டு கொக்கு நின்றது. மண்டிக்காரர் கொக்கைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், லோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதலாளியிடம் தாணுமூர்த்தி வாங்கிய வசவை அவர் போனில் சொல்லவில்லை, அந்த லாரியை அத்தோடு ஒப்படைத்துவிட வேண்டியிருந்ததை மட்டும் சொன்னார்.

ஒப்படைப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை அவர் அந்த வண்டியை முளைத்த வெங்காயத்தோடு நாலாவது தெருவுக்கே கொண்டுவந்தார். அது நுழைகிற அகலம் தெருவுக்கு இல்லை, ஆனாலும் நுழைந்தது. தெரு முழுவதும் வாசலில் நின்றது. அவர் கதவைத் திறந்து இறங்கினார். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. துண்டில் சுற்றிய கிளையைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குள் வந்து, சண்முகவடிவின் முன்னால் நின்றார். அவள் துண்டை விலக்கிப் பார்த்தாள். ஒரு இலைகூட வாடவில்லை.

"எங்க வைக்கட்டும்?" என்றார்.

"அது பக்கத்துலயே குழி எடுங்க. ஆனா களாக் கம்பு லேசுல வேர் பிடிக்காது. சொல்லிட்டேன்."

அவர் குழி எடுத்தார். அவள் நட்டாள். ராஜகனி தண்ணீர் ஊற்றினாள். கிளை மண்ணில் கால் வைத்ததுதான் தாமதம், அதற்குள் இருந்த மழை நின்றுபோயிற்று. கோமதிநாயகம் கையை விட்டுப் பார்த்தார், எல்லோரும் வரிசையாக விட்டுப் பார்த்தார்கள். ஒருவர் கையும் நனையவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவரவர் ஒரு கூடை முளைத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மழைதான் இல்லை, வெங்காயமாவது இருக்கட்டும் என்று கோமதிநாயகம் வீட்டு அம்மாள் முற்றத்து டைல்ஸில் இரண்டு வரிசையைப் பெயர்த்துவிட்டு நட்டாள். அந்தத் தெருவில் தரை மண்ணாக மாறியது அதுதான் முதல் தடவை.

தாணுமூர்த்தி வீட்டில் இருந்தார். லாரி இல்லை, வேனுக்கு ஓட்டம் இன்னும் பிடிபடவில்லை. காலையில் எழுந்ததும் கிளையைப் பார்ப்பார். எப்போதும் பச்சையாக இருக்கிற செடியில் அதுதான் தொல்லை. அது உயிரோடு இருக்கிறதா, மரியாதைக்குப் பச்சையாக இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கண்ணில் மற்றதெல்லாம் பட்டது. ஓணானுக்கு ஒரு நாளில் எத்தனை சண்டை இருக்கிறது, சின்னான் குஞ்சுக்கு என்ன பூச்சி ஊட்டுகிறது, மக்கிய கட்டையில் துளை போட்டுக் கருவண்டு எப்படிக் குடியிருக்கிறது, மண்சட்டித் தண்ணீருக்கு யார் யார் எந்த வரிசையில் வருகிறார்கள். சண்முகவடிவு வேலையிலிருந்து வந்ததும் அன்றைய சமாச்சாரத்தை அவளுக்குச் சொன்னார். அவள் பாலில் தண்ணீர் ஊற்றியவர்களைப் பற்றி அவருக்குச் சொன்னாள். வேனை நிறுத்தக் கோமதிநாயகம் தன் முற்றத்தில் வெங்காயம் போக மீதி இடத்தைக் கொடுத்தார், நிறுத்தும்போது மட்டும் மைக் இல்லாமலே தெருவுக்குக் கேட்கிற மாதிரி "ரைட்ல வாங்க, ரைட்ல வாங்க" என்று சொன்னார்.

ஆடி வந்து காற்று அடித்தது. ஆவணி வந்தது. புரட்டாசியில் கிளையின் கணுவில் ஒரு துளிர் விட்டது, மிளகு அளவு, செந்நிறத்தில். அதைப் பார்த்த தாணுமூர்த்தி யாரிடமும் சொல்லாமல் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராஜகனி பார்த்து, தெரு பார்த்து, கோமதிநாயகம் மைக்கிலும் சொல்லிவிட்டார்.

பிறகு உண்மையான ஐப்பசி வந்தது, அந்த வருசம் வந்த மாதிரி எந்த வருசமும் வந்ததில்லை. குடம் நனைந்தது, வளையல் நனைந்தது, சட்டையும் சட்டைக்குள் இருந்த ஆளும் நனைந்தார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடியது, கரண்டு போயிற்று, கோமதிநாயகத்தின் மைக்செட்டுக்குள் தண்ணீர் புகுந்து அவர் சாதாரணமாகப் பேச வேண்டியதாயிற்று. வெயிலில் கிடந்து மழையைக் கேட்ட அதே ஜனங்கள் நனைந்த சுவருக்குள் போர்வையைப் போர்த்துக்கொண்டு, போதும் என்று சொல்லத் தொடங்கினார்கள். காயப்போட இடம் இல்லை, குளிர் எலும்புக்குள் போயிற்று, ராஜகனி குழந்தைக்கு இருமல்.

மழை விடாமல் கொட்டிய ஒரு சாயங்காலம், இளந்துளிர் அழுகிவிடுமே என்று தாணுமூர்த்தி குடையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். பின்னாலேயே சண்முகவடிவும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். நட்ட கிளையைச் சுற்றித் தண்ணீர் கட்டியிருந்தது. அவர் குனிந்து, முள் பார்த்து, இலை விலக்கி, துளிர் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க மெல்லக் கையை உள்ளே விட்டார். விட்டவர் அப்படியே நின்றார்.

"என்ன, அழுகிருச்சா?" என்றாள் சண்முகவடிவு.

அவர் கையை வெளியே எடுக்கவில்லை.

"என்னங்க?"

"வெயிலு" என்றார். "உள்ள சித்திரை மாசம். பக்கத்துல வந்து பாரு."

அவள் சாக்கைக் கீழே போட்டுவிட்டு, அவர் கை போன வழியிலேயே தன் கையையும் விட்டாள். உள்ளே முற்பகல் வெயில் இதமாக அடித்துக்கொண்டிருந்தது. ஈரமாகப் போன விரல்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. எங்கோ உள்ளே ஒரு குருவி, காய்ந்த சிறகை உதறுகிற சத்தம். தெருவில் யாருக்கோ விசயம் தெரிந்துவிட்டது போல, ராஜகனி இருமுகிற குழந்தையை முந்தானையில் மூடிக்கொண்டு தண்ணீரைத் தாண்டி ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு குடை வந்தது, அதற்குப் பின்னால் இன்னொரு குடை, கோமதிநாயகம் செருமாமலே "வரிசையா வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"கையை எடுங்க, பிள்ளை வருது" என்றாள் சண்முகவடிவு.

"எடுக்கலாம்" என்றார் தாணுமூர்த்தி. "முள்ளு இருக்கு. பையத்தான் எடுக்கணும்."

அவர்கள் பையத்தான் எடுத்தார்கள்.